டெலஸ்கோப்புக்கு டோம் கட்டப் போறீங்களா? முதல்ல இருட்டைத் தேடுங்க!

டெலஸ்கோப் வாங்கியாச்சு, அடுத்து மொட்டை மாடியில சுழலும் டோம்தான் என்று திட்டமா? கொஞ்சம் பொறுங்கள்.

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. டோமின் திறப்பும் கூடவே திரும்ப வேண்டும். டோம் காற்றையும் தெருவிளக்கையும் மறைக்கும், சரி. ஆனால், நகரத்து வானம் முழுக்கப் பரவிய வெளிச்சத்தை அதனால் மறைக்க முடியாது. பகலில் காய்ந்த மாடி இரவில் வெப்பத்தைக் கக்கும், பிம்பம் நடுங்கும்.

காவலூர் வானாய்வகம் 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப்புடன் தொடங்கியது ஜவ்வாது மலையின் இருண்ட வானத்தை நம்பித்தான். நமக்கும் அதே கணக்குதான். ஊர்ப்பக்கம் இருட்டான கொல்லைப்புறம், அங்கே தரையில் ஆழ ஊன்றிய கான்கிரீட் தூண். காசை முதலில் இதற்குப் போடுங்கள். டோமை அப்புறம் பார்த்துக்கலாம்.