பழைய மருந்துக்குப் புதிய பணி

முகத்தில் இரத்தநாளக் கட்டி கொண்ட ஒரு குழந்தைக்கு, இருதயக் கோளாறுக்காகப் புரோபிரனோலால் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. மறுநாளே கட்டி நிறம் மாறி மிருதுவாயிற்று. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இது. அக்கட்டி புற்றுநோய் அன்று. ஆயினும், இருதய மருந்துகளுள் வேறு ஆற்றலும் உறைந்திருக்கலாம் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது.

இருதயத் தளர்ச்சிக்கு வழங்கப்படும் டிகாக்சின் மருந்தைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் பரவிவிட்ட 9 நோயாளர்க்கு அளித்துப் பார்த்தனர். குருதியில் திரியும் புற்றணுக் கொத்துகள் சராசரியாகச் சிறுத்தன என 2025இல் அறிவித்தனர். கொத்தாகச் செல்லும் அணுக்களே புதிய இடங்களில் எளிதில் வேரூன்றுவன. ஆனால் ஆயுள் நீளுமா என்பதை ஒன்பது பேரைக் கொண்டு எவர் கூற இயலும்?

பல நூறு பேரிடம் சோதித்தறிதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். காப்புரிமை காலாவதியாகி, மலிவாகக் கிடைக்கும் மாத்திரைக்காக எந்தக் கம்பெனி அதனைச் செலவிடும்? இலாபமில்லை என்ற காரணத்தால் நோயாளரின் வினா விடையின்றிக் கிடப்பது நியாயமாகாது. அரசாங்கங்களும் அறக்கட்டளைகளுமே இப்பொறுப்பை ஏற்றல் வேண்டும். வேறு வழி நமக்குத் தென்படவில்லை.

அதுவரை, மலிவாயிற்றே என்று தாமாகவே வாங்கி உண்ணுதல் பேராபத்து. டிகாக்சின் அளவு சிறிது மிகினும் இருதயத் துடிப்பையே குலைத்துவிடும்.