காலடிப்பேட்டை டூ கரீபியன்: ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அடையாளமான 'மெட்ராஸ்' துணி... மறைந்திருக்கும் கசப்பான கதை என்ன?

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பெண்களின் தேசிய உடைக்கான கட்டம் போட்ட பருத்தித் துணியின் பெயர் 'மெட்ராஸ்'. ஆமாம், நம்ம சென்னையின் பழைய பேர்தான். அது அங்கே எப்படிப் போச்சு?

'காலடி' இல்லை, 'காலட்'!

திருவொற்றியூர் பக்கம் மெட்ரோ நிற்கும் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமே இல்லை. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட், கிழக்கிந்திய கம்பெனிக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. 'காலட் பேட்டை'தான் பேச்சில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் ஊர், வண்ணாரப்பேட்டை. கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தான்.

துணி கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள்

சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் கப்பலில் லண்டன் போயின. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே வியாபாரிகள் அடிமைகளை வாங்கக் கொடுத்த பொருட்களில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும்வரை இது நடந்தது.

அவமானம் அழகானது எப்படி?

1786-ல் அமெரிக்காவின் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய கவர்னர், சுதந்திரமான கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தாழ்த்திக் காட்டவே இந்த உத்தரவு. ஆனால் அந்தப் பெண்கள் பளிச்சென்ற மெட்ராஸ் துணியைத் தலையில் விதவிதமாகக் கட்டி, அதையே கம்பீரமாக்கிவிட்டார்கள்.

நைஜீரியாவின் கலபாரி மக்களுக்கோ மெட்ராஸ் கட்டம் போட்ட 'இஞ்சிரி' துணி இல்லாமல் பிறப்புச் சடங்கும் இல்லை, இறுதிச் சடங்கும் இல்லை.

கலைஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

அந்தக் கலபாரி சமூகத்தில் 1958-ல் பிறந்து, லண்டனில் வாழும் சிற்பி சோகாரி டக்ளஸ் கேம்ப். தன் மக்களின் விழாக்களையும் உடைகளையும் இரும்பில் வடிப்பவர். 2012-ல் இவர் உருவாக்கிய 'ஆல் தி வேர்ல்ட் இஸ் நவ் ரிச்சர்' படைப்பில் ஆறு இரும்பு உருவங்கள் நிற்கின்றன. ஆப்பிரிக்கப் பாரம்பரிய உடை, தோட்டத் தொழிலாளி உடை, இன்றைய டி-ஷர்ட் என அடிமை வரலாற்றை உடைகளே சொல்லிவிடுகின்றன. 

நமக்கு இதில் என்ன?

'மெட்ராஸ் துணி உலகப் புகழ் பெற்றது' என்று பெருமைப்படுகிறோம். அது பாதிக் கதைதான். நெய்தவருக்குக் கிடைத்தது கூலி. லாபம் போனது கம்பெனிக்கும் கப்பல் முதலாளிகளுக்கும். கடைசி விலையைக் கொடுத்தவர்கள், அந்தத் துணிக்கு ஈடாக விற்கப்பட்ட மனிதர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே துணியைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டு, கணக்குக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கின் ஒரு பக்கம் வடசென்னைக் கரையிலும் எழுதப்பட்டிருக்கிறது.