ஸ்பீடு போட்டு வாங்கலாமா? பரங்கிப்பேட்டையில இருந்து ஒரு கணக்கு



போன் ரிவ்யூ, பைக் ரிவ்யூ, கார் ரிவ்யூ எல்லாம் பார்த்து முடிச்சாச்சு. இப்போ உங்க யூடியூப் ஃபீடுல படகு ரிவ்யூவும் வர ஆரம்பிச்சிருக்கும். அதோட விளைவுதான் போன மாசம் நம்ம சேனலுக்கு வந்த ஒரு கேள்வி: "பரங்கிப்பேட்டை சொந்த ஊர், சென்னையில ஐடி வேலை. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு ஸ்பீடு போட்டு வாங்கி வெள்ளாத்துல விடலாம்னு இருக்கோம். வீக்எண்ட்ல நாங்க ஓட்டலாம், மத்த நாள்ல டூரிஸ்ட்டுக்கு விடலாம். புது மாடல்ல எதைப் பார்த்து வாங்கணும்?"

நல்ல கேள்வி. ஆனா "எதைப் பார்த்து வாங்கணும்"ங்கிறதுக்கு முன்னாடி "வாங்கணுமா"ன்னு ஒரு கேள்வி இருக்கு. ரெண்டையும் சேர்த்தே பேசிடலாம்.

முதல்ல ஊரைப் பத்தி. போர்ட்டோ நோவோன்னா போர்ச்சுக்கீசிய மொழியில புதுத் துறைமுகம்னு அர்த்தம். மரக்காயர்கள் கப்பல் விட்ட ஊர். 1961-ல இருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இங்கதான் இருக்கு. வெள்ளாறு கடல்ல சேருற முகத்துவாரம், தெற்கே கிள்ளை, பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. அதனால படகு ஆசை வர்றதுல தப்பே இல்ல.

வெளிநாட்டுல புதுப் படகு வாங்குறவங்க என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும். கரையில கொண்டுவந்து நிறுத்த வீடியோ கேம் மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக். சத்தம் வராத ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார். முடிஞ்சா பேட்டரி மோட்டார். பெரிய டச் ஸ்கிரீன். மடக்கினா படுக்கையா மாறுற சீட்.

நம்ம ஊர்ல படகு ஓட்டுறவங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டா வர்ற பட்டியலே வேற. நிழல் வேணும், ஏப்ரல் மே வெயில்ல திறந்த படகுல அரை மணி நேரம் உட்கார முடியாது. அடிப்பாகம் ஆழமா இறங்காம இருக்கணும், முகத்துவாரத்துல மணல் மேடு எப்போ எங்க சேரும்னு யாருக்கும் தெரியாது. தண்ணி வத்துற நேரத்துல மோட்டாரை ஒரு ஆளே தூக்கி நிறுத்துற மாதிரி இருக்கணும். புடவை கட்டின பாட்டி ஏறி இறங்க ஒழுங்கா ஒரு படி வேணும் (இதை எந்த ரிவ்யூலயும் நான் பார்த்ததில்ல). கடைசியா, மோட்டார் ரிப்பேர் ஆனா கடலூர்லயோ சிதம்பரத்துலயோ பார்ட்ஸ் கிடைக்கணும்.

என் கருத்தைக் கேட்டா, இந்த ரெண்டாவது பட்டியலை வெச்சு படகு செய்யற கம்பெனிக்குத்தான் இங்க எதிர்காலம். டச் ஸ்கிரீன் உப்புக் காத்துல எத்தனை வருஷம் தாங்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு எதிர்பார்ப்பு என்னோடது. ஏசி வாங்கினா ஸ்டார் ரேட்டிங் ஒட்டியிருக்கு. பைக் வாங்கினா மைலேஜ் கேட்கிறோம். படகு விளம்பரத்துல மட்டும் குதிரைத்திறனும் டாப் ஸ்பீடும்தான் பெருசா இருக்கும். மணிக்கு எத்தனை லிட்டர்னு பெரிய எழுத்துல போடுங்கப்பா! பெட்ரோல் மோட்டாருக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு: 40 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்துல ஓடினா மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் குடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக்னா இன்னும் அதிகம். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலே மணிக்கு 1,500 ரூபாய். கார்ல அதே காசுக்கு பரங்கிப்பேட்டையில இருந்து சென்னை போயிடலாம்.

சரி, விலைக்கு வருவோம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க.

2025 செப்டம்பர் 22-ல இருந்து புது ஜிஎஸ்டி விகிதம் வந்துச்சு இல்லையா? அதுல உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுகளுக்கு 40 சதவீதம். அதுக்கு முன்னாடி 28 சதவீதமும், அதுக்கு மேல 3 சதவீதம் செஸ்ஸும் இருந்துச்சு. ஆனா மீன்பிடிப் படகுக்கு 5 சதவீதம்தான். பயணிகளை ஏத்திட்டுப் போற ஃபெர்ரி, சுற்றுலாப் படகு வகைக்கும் 5 சதவீதம்தான். உதாரணத்துக்கு, வரிக்கு முன்னாடி 8 லட்சம் ரூபாய் படகுன்னு வைங்க. 5 சதவீதத்துல 8.40 லட்சம். 40 சதவீதத்துல 11.20 லட்சம். வித்தியாசம் 2.80 லட்சம், உங்கள்ல பல பேருக்கு அது ஒரு வருஷ எஸ்ஐபி. இன்வாய்ஸ்ல என்ன எச்எஸ்என் கோடு போடுறாங்கங்கிறதை ஒரு சிஏகிட்ட காட்டாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

உடனே ஒரு குறுக்குவழி மனசுல ஓடும். "ஃபைபர் மீன்பிடிப் படகு வாங்கி, சீட்டும் கூரையும் போட்டு டூரிஸ்ட் போட்டா மாத்திடலாமே?" நண்பர்களே, இதைத் தயவுசெஞ்சு செய்யாதீங்க. 2023 மே 7-ம் தேதி கேரளாவுல மலப்புரம் மாவட்டம் தானூர்ல கவிழ்ந்தது அப்படி மாத்தப்பட்ட மீன்பிடிப் படகுன்னுதான் செய்திகள் வந்துச்சு. அளவுக்கு மீறி ஆள் ஏத்தியிருந்தாங்க. 22 பேர் இறந்தாங்க, அதுல பலர் குழந்தைகள். வலையையும் மீனையும் தாழ்வா வெச்சுச் சுமக்கறதுக்காகச் செஞ்ச படகுல மேல ஒரு கூரையைப் போட்டு ஆளை உட்கார வெச்சா எடை மேல ஏறிடும், படகு சாயறது சுலபமாயிடும். புதுப் படகா இருந்தாலும் சாயும். தேக்கடியில 2009 செப்டம்பர் 30-ல கவிழ்ந்து 45 பேரை பலிகொண்ட ஜலகன்யகா புதுசா வாங்கின படகுதான்.

அதனால புது மாடல்ல முதல்ல பார்க்க வேண்டியது வேகம் இல்ல. எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து செல்ஃபி எடுத்தா படகு எவ்வளவு சாயும்னு விற்கிறவர்கிட்ட கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா அடுத்த கடைக்குப் போங்க. 2021-ல வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, காப்பீடு எல்லாம் வேணும். அந்தச் செலவையும் விலையோட சேர்த்துக்கோங்க.

இப்போ லோன் கணக்கு. 11.20 லட்சத்துல 3.20 லட்சம் கையில இருந்து, மீதி 8 லட்சம் பர்சனல் லோன். 14 சதவீத வட்டி, 5 வருஷம்னு வைங்க. இஎம்ஐ ஏறத்தாழ 18,615 ரூபாய். 5 வருஷத்துல வட்டி மட்டும் 3.17 லட்சம்.

எத்தனை நாள் ஓட்டுவீங்க? வருஷத்துல சனி, ஞாயிறு சேர்த்து 104 நாள். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, அதுல 26 நாள் போச்சு. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூரை என்ன பண்ணுச்சுன்னு உங்க வீட்டுல கேட்டாலே சொல்வாங்க. மீதி 78. கல்யாணம், ஆபீஸ் ரிலீஸ், பஸ் டிக்கெட் கிடைக்காத வாரம் எல்லாம் கழிச்சா 60 நாள் வந்தாலே பெரிய விஷயம். வருஷ இஎம்ஐ 2,23,380 ரூபாய். அதை 60-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 3,723 ரூபாய். பெட்ரோல் ஊத்தறதுக்கு முன்னாடி, ஓட்டுறவருக்குச் சம்பளம் கொடுக்கறதுக்கு முன்னாடி!

"மத்த நாள் டூரிஸ்ட்டுக்கு விடுவோம்ல?" பிச்சாவரம் காப்புக் காடு. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த இடம். அனுமதி இல்லாம உங்க படகை அங்க இறக்க முடியாது. இறக்கக் கூடாதுன்னும்தான் நான் சொல்வேன். குறுகலான கால்வாய்க்குள்ள துடுப்புப் படகுதான் போகுது, அந்த அமைதிக்காகத்தான் ஜனங்க சிதம்பரத்துல இருந்து வர்றாங்க. இதயக்கனியில எம்ஜிஆர் வந்த காலத்துல இருந்து அந்தக் காட்டோட மதிப்பே அதுதான். அதுக்குள்ள 40 குதிரைத்திறனைக் கத்த விட்டா முதல்ல பறவை போகும், அப்புறம் டூரிஸ்ட் போவாங்க.

அங்க வரணும்னு நான் ஆசைப்படுற மாடல் ஒண்ணு இருக்கு. துடுப்புப் படகு மாதிரியே மெல்லிசா, சின்ன பேட்டரி மோட்டாரோட. மெர்க்குரி கம்பெனி 2023-ல ஏவேட்டர்னு ஒரு மின் மோட்டார் கொண்டுவந்தாங்க. அதுல முதல் மாடலோட பேட்டரி வெறும் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும். கடலுக்குப் போக அது காணாது. மெதுவா ஊர்ந்து போகப் போதும். நாள் முழுக்க துடுப்பு போடுற அண்ணன்களுக்குத் திரும்பி வர்ற நேரத்துல எதிர்நீரோட்டத்துல ஒரு கை கொடுக்கும். பக்கத்து கேரளாவுல 75 பேர் போற ஆதித்யாங்கிற சூரிய மின்படகு 2017-ல இருந்து வைக்கம் பக்கம் ஓடிட்டு இருக்கு. கொச்சி வாட்டர் மெட்ரோ 2023-ல வந்தாச்சு. இங்க மட்டும் ஏன் முடியாது? விலை குறையணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் முதல் ஆளா உங்க சேமிப்பைப் போட்டுச் சோதனை பண்ணணும்னு அவசியம் இல்ல.

அமெரிக்காவுலயே பாருங்க. ஃப்ளோரிடாவுல 1989-ல ஆரம்பிச்ச ஃப்ரீடம் போட் கிளப்னு ஒண்ணு. சேரும்போது ஒரு தொகை, அப்புறம் மாசாமாசம் சந்தா. படகு கிளப்போடது, கழுவுறது, ரிப்பேர் பார்க்கிறது எல்லாம் அவங்க தலைவலி. 2019-ல அதை வாங்கினது யார் தெரியுமா? படகு செஞ்சு விற்கிற பிரன்ஸ்விக் கம்பெனியே! சொந்தமா வாங்காம ஓட்ட மட்டும் ஆசைப்படுற கூட்டம் பெருசுன்னு விற்கிறவங்களுக்கே புரிஞ்சிருக்கு.

அதனால கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில். வருஷத்துக்கு நாலு தடவை போகணும்னா வாடகைக்கு எடுங்க. தொழிலாத்தான் செய்யப் போறீங்கன்னா, ஊர்லயே இருந்து படகை தினமும் பார்த்துக்கிற ஒருத்தர் பங்காளியா இருக்கணும். சென்னையில உட்கார்ந்துட்டு வெள்ளாத்துல நிக்கிற மோட்டாரைப் பராமரிக்க முடியாது. நாலு பேர் பங்கு, யாரு வெளியேறினா எவ்வளவு, விபத்துன்னா யார் பொறுப்புன்னு பத்திரத்துல எழுதுங்க. லோன் போட்டு மட்டும் வேண்டாம். ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும் டேர்ம் இன்சூரன்ஸும் இல்லாதவங்க இந்தப் பேச்சையே தள்ளி வைங்க.

அடுத்த வீடியோல படகுக் காப்பீட்டைப் பத்திப் பேசப் போறேன். யாராவது ஏற்கனவே கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தா, பேர், போன் நம்பரை மறைச்சிட்டு கமெண்ட்ல போடுங்க. சேர்த்து வெச்சுப் பார்க்கலாம்.