மண்ணை வாங்கியவன் நீருக்கும் உடையவனா?

ஒருவன் நிலத்தை விலைகொடுத்து வாங்குகின்றான். அந்நிலத்தின் அடியில் ஊறும் நீரும் அவனுக்கே உரியதாகுமா? அண்டை நிலத்தான் கிணறு வற்றினாலும், ஊர்ப்பெண்டிர் குடங்களைச் சுமந்து நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தாலும், அவன் வேண்டுமட்டும் இறைத்துக்கொண்டே இருக்கலாமா? இஃது ஏதோ வழக்கறிஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வினா அன்று. மலையும் அருவியும் தம்மைச் சூழ இருப்பதனாலேயே தமக்கு என்றும் நீர்ப்பஞ்சம் இல்லை என்று இறுமாந்திருக்கும் தென்காசி, குற்றாலப் பகுதி மக்கள் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஒரு சிற்றூராட்சி, உலகையே தன் சந்தையாக்கிக்கொண்ட ஒரு பெருமுதலாளியக் குழுமத்திற்கு எதிராக எழுப்பிற்று. பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் சித்தூர் வட்டத்தில் உள்ளது பெருமாட்டி ஊராட்சி. அதனுள் அடங்கிய பிளாச்சிமடை என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தை வாங்கி, 2000-ஆம் ஆண்டில் இந்துத்தான் கோக்கா-கோலாக் குழுமம் தன் ஆலையைத் தொடங்கியது. உரிமம் தந்ததும் அவ்வூராட்சியே. வேலை கிடைக்கும், வரி கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அதற்குக் கரணியம்.

ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் இறங்கியது, எஞ்சிய நீரும் உவர்த்தது, சோறு வேகவில்லை, குளித்தவர் உடலில் அரிப்பெடுத்தது. ஆலையிலிருந்து வெளியேறிய கழிவுச் சேறோ உரமென்று உழவர்க்கு வழங்கப்பட்டது. அச்சேற்றில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சுப் பொருள்கள் இருந்ததை 2003-இல் இலண்டன் பி.பி.சி. வானொலி எடுத்துச் சென்ற கூறுகள் காட்டின. அதற்கு முன்னரே, 2002 ஏப்பிரல் 22 அன்று, ஆலை வாயிலின் எதிரே பழங்குடி மக்கள் போராட்டப் பந்தலிட்டு அமர்ந்துவிட்டனர். எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார். பள்ளிப் படிப்பின் துணையின்றியே அவ்வம்மையார் கண்டுகொண்ட உண்மையைப் பட்டங்கள் பல பெற்ற அதிகாரிகள் கண்டுகொள்ள நெடுநாளாயிற்று!

2003 ஏப்பிரலில் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. குழுமம் அரசிடம் முறையிட்டது. ஊராட்சி உயர் முறைமன்றம் சென்றது. 16.12.2003 அன்று நடுவர் பாலகிருட்டிணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்கள் அனைவர்க்கும் பொதுவானது. அரசும் ஊராட்சியும் அதன் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். அதனைக் காவாது விடுவது மக்களின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும். ஆகவே 34 ஏக்கர் நிலமுடைய ஓர் உழவன் எவ்வளவு நீர் எடுப்பானோ அவ்வளவே ஆலையும் எடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆலையையே மூடுமாறு ஊராட்சி ஆணையிட்டது தவறு என்றும், ஆயின் நீரெடுப்பைத் தடுக்கும் கடமை அதற்கு உண்டென்றும் நடுவர் பிரித்துக் காட்டினார்.

குழுமம் மேன்முறையீடு செய்தது. 7.4.2005 அன்று அதே மன்றத்தின் இருநடுவர் ஆயம், தன் நிலத்தின் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலமுடையார்க்கு உண்டென்றும், வல்லுநர் அறிக்கையின்படி நாளொன்றுக்கு 5 இலக்கம் இலிட்டர் வரை ஆலை எடுக்கலாமென்றும், உரிமத்தை ஊராட்சி புதுப்பிக்க வேண்டுமென்றும் தீர்த்தது. ஊர்ப்புறத்து மாந்தர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 55 இலிட்டர் நீர் என்பது இன்று நடுவணரசு வகுத்துள்ள அளவு. அக்கணக்கின்படி, ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர்க்குரிய நீரை ஓர் ஆலைக்கு அத்தீர்ப்பு ஒதுக்கியது!

இவ்விரண்டாம் தீர்ப்பைப் பழித்துவிட்டு அகல்வது அறிவுடைமையாகாது. ஓர் ஊராட்சி தான் கொடுத்த உரிமத்தைத் தக்க ஆய்வும் சான்றுமின்றி மறுக்கலாகாது என்பது ஏற்கத்தக்கதே. மழை குன்றிய ஆண்டுகளில் கிணறு வற்றியதற்கு ஆலையொன்றையே பொறுப்பாக்கலாமா என்னும் ஐயமும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும், மழை குன்றிய நாட்டில் எஞ்சியுள்ள நீர் முதலில் யார்க்கு உரியது என்பதன்றோ அடிப்படை வினா? குடிப்பார்க்கா, விற்பார்க்கா? அவ்வினாவிற்கு நிலப்பட்டாவைக் காட்டி விடைசொல்ல இயலாது.

நிலமுடையான் நீருடையான் என்னும் இக்கோட்பாடு எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு மன்றங்கள் வகுத்தது அது. வெள்ளையர் அதனை 1882-ஆம் ஆண்டின் சட்டமொன்றின் வழியே இங்கு நுழைத்தனர். நிலத்தடி நீர் எவ்வழி ஓடுகின்றது, ஒருவன் இறைத்தால் மற்றவன் கிணறு எவ்வாறு வற்றும் என்று அறியப்படாத நாளில் எழுந்த கோட்பாடு, ஆழ்துளைக் கிணறும் மின்னிறைவையும் வந்த பின்னரும் நம்மை ஆள்கின்றது. வெள்ளையன் போய்விட்டான், அவன் சட்டம் போகவில்லை.

தமிழரின் நீரறம் வேறு. நிலத்தோடு நீரைக் கூட்டுவோரே உடம்போடு உயிரைக் கூட்டுவோர் என்னும் பொருள்படப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் காணலாம். முதற்பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் காக்கவே தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. அவ்வவை பார்ப்பனர் ஊரின் அவை. நிலமுடையார்க்கே அதில் இடம் இருந்தது. அக்குறையை மறைத்துப் பழம்பெருமை பேசுவதிற் பயனில்லை. எனினும் ஏரி தனியொருவன் உடைமையன்று, ஊராரால் காக்கப்படவேண்டியது என்னும் கொள்கை அதிலும் நின்றது. அக்கொள்கையை எல்லார்க்கும் பொதுவாக்குவதே இக்காலத்தார் கடமை.

பிளாச்சிமடை ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது, மீண்டும் திறக்கவில்லை. 2017 சூலையில், இனித் திறக்கும் எண்ணமில்லை என்று குழுமம் உச்ச முறைமன்றத்தில் சொன்னதோடு வழக்கு முடிந்தது. இதனை முழுவெற்றி எனலாமா? நீர் யாருக்குரியது என்னும் வினாவிற்கு உச்ச முறைமன்றம் விடை சொல்லவேயில்லை. 216 கோடி உருபாவிற்கு மேல் இழப்பு நேர்ந்ததென்று 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு கணித்தது. அவ்விழப்பீட்டைப் பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டவரைவை 2011-இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதற்குத் தில்லியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலத்து மக்கள் தம் நீர் கெட்டமைக்கு ஈடு கேட்பதற்கும் தில்லியின் கையொப்பம் வேண்டுமாம்! இதுதான் இந்நாட்டின் கூட்டாட்சி!

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். குற்றாலத்து மலைகளிற் பிறந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாறு, கங்கைகொண்டானைக் கடந்து பொருநையிற் கலக்கின்றது. அக்கங்கைகொண்டானில் அரசின் தொழில் வளாகத்திலேயே குளிர்நீர் ஆலைகளுக்கு இடம் தரப்பட்டது. ஆயிரம் இலிட்டர் நீர் 37 உருபா 50 காசு. அஃதாவது ஓர் இலிட்டர் நான்கு காசுக்கும் குறைவு! மதுரைக் கிளை மன்றம் 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சு 2 அன்று, மிகைநீரே தரப்படுகின்றது என்னும் அரசின் விடையை ஏற்று வழக்குகளைத் தள்ளியது. அதற்கு முதல்நாள்தான் தமிழக வணிகர் அமைப்புகள் அக்குளிர்நீர்களை விற்பதில்லை என்னும் முடிவைச் செயற்படுத்தத் தொடங்கியிருந்தன. பெருமாட்டியில் ஊராட்சியே முன்னின்று வழக்காடியது. இங்கோ மக்கள் ஒருபுறமும் அவர்தம் அரசு மறுபுறமும் நின்றன. வேறுபாடு இதுவே.

நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2003-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. மேற்குமலைச் சாரலில் தனியார் விடுதிகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்தமையை ஆராய்ந்து தடுக்குமாறு 2022-இல் மதுரைக் கிளை மன்றம் ஆணையிட நேர்ந்தது. தென்காசி மாவட்டமும் அவ்வாணையுள் அடங்கியது. அருவியையே வளைக்கத் துணிந்தவர்க்கு, கண்ணுக்குப் புலப்படாத ஊற்றை வளைத்தல் அரிதாகுமா?

அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம் பட்டியலில் நீர் மேலாண்மையும் குடிநீரும் ஊராட்சிகளுக்குரிய பணிகளாகச் சொல்லப்பட்டுள்ளன. எழுத்தில் உள்ள அவ்வுரிமையைச் செயலில் கொணர்வது ஊரவையின் பொறுப்பு. ஒவ்வோர் ஊராட்சியும் தன் கிணறுகளின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும். மிகுதியாக நீரெடுப்பார்க்கு உரிமம் தருமுன் ஊரவையில் வைத்துக் கேட்டல் வேண்டும். சான்று இல்லை என்பதே 2005-இல் பெருமாட்டியை வீழ்த்தியது. சான்றைக் கையில் வைத்திருக்கும் ஊரை வீழ்த்துதல் எளிதன்று.

குளிர்நீர்ப் புட்டியை வாங்காமை நன்று. ஆயின் அது மட்டும் போதாது. தன் கிணற்றின் ஆழத்தை அறியாத ஊர், தன் உரிமையின் ஆழத்தையும் அறியாது. அளக்கத் தொடங்குக! கேட்கத் தொடங்குக! காக்கும் வலிமை தானே வரும்!