ஆளைத் தெரியும், அவர் தரும் பணத்தைத் தெரியுமா? நேரில் கிரிப்டோ விற்கும் முன் யோசிக்க வேண்டியவை

"நம்ம ஊர்க்காரர்தான். நேர்ல வாங்க, மார்க்கெட் ரேட்டை விட ரெண்டு மூணு ரூபா கூடவே தர்றேன்."

கையில் கொஞ்சம் யுஎஸ்டிடி வைத்திருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ இப்படி ஒரு மெசேஜ் வந்தால், அதை மறுப்பது கஷ்டம். யுஎஸ்டிடி என்பது ஒரு அமெரிக்க டாலருக்குச் சமமாக மதிப்பு கட்டப்பட்ட கிரிப்டோ. டெதர் என்ற நிறுவனம் வெளியிடுகிறது. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு டிசைன் செய்து கொடுத்தவர், 2021-ல் எல்லோரும் வாங்கியபோது வாங்கிப் போட்டவர், வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பியதை வைத்திருப்பவர் என்று கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கமும் இது புழங்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதை ரூபாயாக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆப் வழியாகப் போனால் 1% பிடித்தம். அது போக, 2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் ஹேக் ஆகி சுமார் 23 கோடி டாலர் காணாமல் போனதும், ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயனர்களின் காயின்கள் முடங்கிக் கிடந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. "ஆப்பை நம்புறதுக்கு ஆளை நம்பலாம்" என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

அதுவும் கரிசல் பூமியில். இங்கே வியாபாரமே ஆளைப் பார்த்து நடப்பதுதான். எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையில் யாரும் அக்ரிமென்ட் போடுவதில்லை. பல்லைப் பார்க்கிறார்கள், இடுப்பைத் தூக்கி எடை பார்க்கிறார்கள், விலை பேசி, ஆட்டை வண்டியில் ஏற்றி விடுகிறார்கள். உளுந்தும் மிளகாயும் கமிஷன் கடைக்குப் போனால், பணம் நாலு நாள் கழித்து வந்தாலும் யாரும் பதறுவதில்லை. கடை அங்கேயேதான் இருக்கும், ஆளும் அங்கேயேதான் இருப்பார். தலைமுறை தலைமுறையாக வேலை செய்த முறை இது. நான் இதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் கிரிப்டோவுக்கு இந்த முறை பொருந்தாது. இங்கே ஆபத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் மட்டும் இல்லை. அவர் உங்களுக்கு அனுப்பும் ரூபாயிலும் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி பற்றிப் படித்திருப்பீர்கள். போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து, ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை மிரட்டி, அவர் சேமிப்பை எல்லாம் ஒரு அக்கவுண்ட்டுக்கு அனுப்ப வைக்கிறார்கள். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருந்தால் வங்கி பிடித்துவிடும். அதனால் நிமிடக் கணக்கில் பத்து, இருபது அக்கவுண்ட்டுகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். இவை பெரும்பாலும் வாடகை அக்கவுண்ட்டுகள். 'மியூல்' என்பார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் பாஸ்புக், சிம், ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்ட கல்லூரி மாணவரோ, வேலை தேடும் இளைஞரோ அதன் உரிமையாளர். கடைசிக் கட்டத்தில் அந்த ரூபாயை யுஎஸ்டிடி ஆக்கி நாட்டை விட்டு வெளியே கொண்டு போக வேண்டும். அதற்கு யுஎஸ்டிடி விற்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள். ரெண்டு மூணு ரூபாய் கூடத் தருவதும் இதனால்தான். பாக்கெட்டில் இருந்து போகும் சொந்தப் பணம் என்றால் யாரும் பேரம் பேசாமல் கூடக் கொடுக்க மாட்டார்கள். திருட்டுப் பணத்துக்கு நஷ்டம் ஒரு பொருட்டில்லை, வேகம்தான் முக்கியம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. அக்கவுண்ட்டை வாடகைக்கு விட்ட அந்தப் பையன் உங்கள் தெருக்காரராகவே இருக்கலாம். பெயர் நிஜம், ஆதார் நிஜம், அவர் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும். அவரை உங்கள் முன் உட்கார வைத்து, பின்னால் யாரோ போனில் நடத்திக்கொண்டிருப்பார்கள். நமக்குத் தெரிந்தவர் என்ற அடையாளம், இந்த வலையில் பாதுகாப்பாக இல்லாமல் தூண்டிலாகி விடுகிறது.

பிறகு என்ன ஆகும்?

பணம் இழந்தவர் 1930-க்கு அழைப்பார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்வார். பணம் போன பாதையைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு அக்கவுண்ட்டாக நிறுத்தி வைப்பார்கள். மூன்றாவது, நான்காவது படியில் உங்கள் பெயர் வரும். புகார் தெலங்கானாவில் இருக்கலாம், குஜராத்தில் இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வருவது கடையில் ஜிபே ஃபெயில் ஆகும்போது. வங்கி மேனேஜர் ஒரு புகார் எண்ணையும், மொழி தெரியாத ஊரின் காவல் நிலைய இ-மெயிலையும் எழுதிக் கொடுப்பார். சம்பளம் அதே அக்கவுண்ட்டில் என்றால் வாடகை, இஎம்ஐ எல்லாம் நிற்கும். நீங்கள் அனுப்பிய யுஎஸ்டிடி திரும்ப வராது. கிரிப்டோ பரிமாற்றம் ஒருமுறை உறுதியானால் அதை ரத்து செய்ய எந்த வங்கியும் கிடையாது. ரூபாயை வங்கி நிறுத்தலாம், அனுப்பிய காயினை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை விற்பவர்தான் சுமக்கிறார்.

சரி, கேஷாகவே வாங்கிக்கொண்டால்?

நிறையப் பேர் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். என் பார்வையில் இது இன்னும் மோசமான யோசனை.

முதலில் சட்டம். ஒரே ஆளிடம் ஒரே நாளிலோ, ஒரே பரிவர்த்தனைக்காகவோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால், வாங்கியவருக்கு அதே தொகை வரை அபராதம் விதிக்கலாம். கள்ள நோட்டு கவலை தனி. அந்தக் கேஷை வங்கியில் போடும்போது 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியும் வரும்.

அதைவிடப் பெரியது உடல் பாதுகாப்பு. ஆட்டுச் சந்தையில் உங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும், அதற்கு மேல் பறிக்க எதுவும் இல்லை. கிரிப்டோவில் உங்கள் முழு சேமிப்பும் அந்த ஒரு போனுக்குள் இருக்கலாம். 2018 பிப்ரவரியில் குஜராத்தில் சூரத் கட்டுமான அதிபர் ஒருவரைக் கடத்திக்கொண்டு போய், பிட்காயின் கேட்டு மிரட்டினார்கள். செய்தது தெருமுனை ரவுடிகள் இல்லை. அந்த வழக்கில் ஒரு ஐபிஎஸ் அதிகாரி, ஒரு முன்னாள் எம்எல்ஏ உட்பட 14 பேருக்கு அகமதாபாத் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை விதித்தது. 2025 ஜனவரியில் பிரான்சில் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பாலாண்டைக் கடத்தி, ஒரு விரலையே வெட்டினார்கள். நாலு வழிச்சாலை ஓரத்தில், இருட்டில் நிற்கும் ஒரு காருக்குள் ஏறி டீல் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் கைமாற்றுவது உலகம் முழுக்க ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்ததுதான். 2012-ல் பின்லாந்தில் தொடங்கிய லோக்கல்பிட்காயின்ஸ் தளம் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து வைத்தே வளர்ந்தது. அவர்களே 2019-ல் நேரடி ரொக்க வியாபாரத்தை நிறுத்தினார்கள். 2023-ல் தளமே மூடப்பட்டது.

இது சட்டவிரோதமா?

இல்லை. வங்கிகள் கிரிப்டோ பக்கம் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்கலாம், விற்கலாம். லாபத்துக்கு 30% வரியும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் இரண்டு பேர் நேரடியாகக் கைமாற்றினாலும் 1% டிடிஎஸ் பொருந்தும். வாங்குபவர் சாதாரண சம்பளக்காரர் என்றால், ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது அவர்தான் அதைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். "டிடிஎஸ் எல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்பவரிடம் விற்றால், பின்னால் அக்கவுண்ட் முடங்கும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

அப்படியும் நேரில்தான் என்றால்

என் பதில் 'வேண்டாம்'. மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் விற்று, பிடித்த 1%-ஐ வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதே மேல். அங்கேயும் பி-டு-பி பகுதியைத் தவிர்த்து நேரடி விற்பனையைத் தேர்ந்தெடுங்கள். பி-டு-பியில் காயினை எக்ஸ்சேஞ்ச் பிடித்து வைத்திருக்கும், ஆனால் ரூபாய் யாரோ ஒருவர் அக்கவுண்ட்டில் இருந்துதான் வரும்.

தவிர்க்கவே முடியாது என்றால், பகலில் வங்கிக் கிளைக்குள் சந்தியுங்கள். டீக்கடையில் வேண்டாம், வீட்டில் நிச்சயமாக வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அன்றைக்கு விற்கும் தொகை மட்டும் உள்ள தனி வாலட்டைக் கொண்டு போங்கள், மீதி இருக்கிறது என்பதே எதிராளிக்குத் தெரிய வேண்டாம். பணம் அவர் பெயரில் உள்ள அக்கவுண்ட்டில் இருந்தே வர வேண்டும். "மாமா அக்கவுண்ட்ல இருந்து போடுறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தெரியாத பெயரில் இருந்து பணம் ஏற்கெனவே விழுந்துவிட்டால் காயினை அனுப்பாதீர்கள். அவர் சொல்லும் வேறு அக்கவுண்ட்டுக்குத் திருப்பியும் அனுப்பாதீர்கள். வங்கியில் எழுதிக் கொடுத்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

பெயர் பொருந்தினால் மட்டும் போதாது என்பதை மேலே பார்த்தோம். அதனால் கொஞ்சம் சங்கடமான ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கும்: "உங்க அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட் காட்டுங்க." மாதாமாதம் சம்பளமோ கடை வரவோ வந்து, தொகை சில நாட்களாவது தங்கியிருக்கிறதா? அல்லது ஒரு மணி நேரம் முன்பு எங்கிருந்தோ லட்சம் விழுந்து, அடுத்த நிமிடம் உங்களுக்கு வரப் போகிறதா? இரண்டாவது என்றால் அது அவர் பணம் இல்லை. ஆட்டின் பல்லைப் பார்ப்பதில் யாருக்கும் கூச்சம் இல்லையே, இதிலும் வேண்டாம்.

வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பான் நகல், கையெழுத்திட்ட ரசீது, பரிமாற்ற எண், சாட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இவையெல்லாம் அக்கவுண்ட் முடங்காது என்று உத்தரவாதம் தராது. முடங்கினால் வெளியே வர உதவும், அவ்வளவுதான்.

வாங்குபவராக இருந்தால்? அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. உங்கள் வாலட்டில், சரியான நெட்வொர்க்கில், நிஜ யுஎஸ்டிடி வந்திருக்கிறதா என்று ட்ரான்ஸ்கேன் போன்ற தளத்தில் நீங்களே பாருங்கள். அதே பெயரில் போலி டோக்கன் உருவாக்க யாராலும் முடியும். முதலில் சின்னத் தொகை அனுப்பச் சொல்லுங்கள். "காயினோட வாலட்டையே தர்றேன்" என்பதை ஏற்காதீர்கள், அதன் 12 ரகசியச் சொற்கள் அவரிடமும் இருக்கும்.

அரசு செய்ய வேண்டியது

2022-ல் வரி போட்ட அரசு, வரி கட்டுபவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை இன்னும் சொல்லவில்லை. பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது, வங்கிக்கு ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கிரிப்டோவில் ஏமாந்தவர் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வசீர்எக்ஸ் பயனர் ஒருவரின் வழக்கில், கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று மெட்ராஸ் உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு அது. நீதிமன்றம் சொத்து என்கிறது, வரித்துறை லாட்டரிப் பரிசைப் போல 30% கேட்கிறது. சொத்துக்குரிய பாதுகாப்பை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். எக்ஸ்சேஞ்சில் விற்பதை எளிதாக்காமல் பிடித்தத்தை மட்டும் வைத்திருந்தால், ஆட்கள் டீக்கடைக்குத்தான் வருவார்கள்.

ஏற்கெனவே முடங்கிவிட்டதா?

பதறிப்போய் 'அன்ஃப்ரீஸ் செய்து தர்றேன்' என்று சொல்லும் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள், அது அடுத்த மோசடி. வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தப் புகார் எண், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு? அந்தத் தொகை முக்கியம். 2024-ல் மெட்ராஸ் உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், சந்தேகத் தொகை இரண்டரை லட்சத்துக்கும் கீழ், அக்கவுண்ட்டில் இருந்ததோ ஒன்பது லட்சத்துக்கும் மேல். முழு அக்கவுண்ட்டையும் முடக்குவது சரியில்லை என்று சொன்ன நீதிமன்றம், இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்து மீதியைப் பயன்படுத்த அனுமதித்தது. உங்கள் ரசீது, சாட், பரிமாற்ற எண்ணோடு புகார் பதிவான காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலும் இ-மெயிலும் அனுப்புங்கள். அதன் நகலைத் தூத்துக்குடி மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலும் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.