மூடி மறைத்தால் கடன் தீராது

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோ போன்ற ஊர்களில் கடன் நெருக்கடி வெளியே தெரிவதில்லை. வீடும் காரும் பிள்ளைகளின் வகுப்புகளும் வழக்கம்போல் இருக்கும். ஆனால் வேலை பறிபோன அடுத்த மாதமே வீட்டுத் தவணை, கார் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கும். ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கோ அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அப்போதும் பலர் யாரிடமும் மூச்சுவிடாமல் ஒரு கார்டின் பாக்கியை அடைக்க இன்னொரு கார்டில் பணம் எடுக்கிறார்கள். இந்த மௌனம் உடைய வேண்டும்.

வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மறைப்பது நாணயம் ஆகாது, வட்டியைத்தான் வளர்க்கும். 20 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டில் 10,000 டாலர் பாக்கி நின்றால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டும். தவணை 30 நாள் தவறினால் அது கடன் அறிக்கையில் ஏறி ஏழு ஆண்டுகள் நிற்கும். ஆகவே தவணை தவறும் முன்பே வங்கியை அழைத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். வட்டியையும் தவணையையும் சில மாதங்களுக்குக் குறைத்துத் தரும் ஏற்பாடு பல வங்கிகளில் உண்டு. அது கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

வசூல் நிறுவனங்களுக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உங்கள் கடனை அக்கம்பக்கத்தாரிடமோ உறவினரிடமோ சொல்லவும் கூடாது. வீட்டுக் கடனில் பொதுவாக 120 நாள் நிலுவை தாண்டாமல் ஜப்தி வழக்கைத் தொடங்க முடியாது. பெரும்பாலான மருத்துவக் கடன்களைக் கடன் அறிக்கையில் ஏற்ற, நியூ ஜெர்சியில் 2024இல் வந்த சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் பதில் தராமல் இருந்துவிடக் கூடாது. பதில் இல்லையென்றால் தீர்ப்பு எதிராகிச் சம்பளத்திலேயே பிடித்தம் விழலாம்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. கார்டு பாக்கியை அடைக்க 401(கே) ஓய்வூதியச் சேமிப்பை உடைக்கிறார்கள். பொதுவாகக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாதபடி சட்டம் காக்கும் பணம் அது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், பெரும்பாலும் வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். கடைசிப் பாதுகாப்பைக் கரைப்பதற்கு முன் திவால் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்பதே அறிவு. திவால் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கும் பொருந்தும். “பாதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வைக்கிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்பவர்களை நம்ப வேண்டாம். நியூ ஜெர்சியில் உரிமம் பெற்ற லாபநோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்புகள் உள்ளன.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரங்கம் நிறைக்கின்றன. அதே அரங்கில் மாதம் ஒருநாள் கடன் ஆலோசகரையும் வழக்கறிஞரையும் அமர்த்த வேண்டும். வருபவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியும் தர வேண்டும். தவணை தவறப் போகிறது என்று தெரிந்தவர்கள் சங்கங்கள் இதைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லுங்கள்; நாளை வங்கியை அழையுங்கள்.