கரையிலும் ஒரு திரை வேண்டும்

வானத்தில் போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு காலத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான பயணிகள் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே சொல்லிக்கொண்டு போகின்றன. ஜிபிஎஸ் காட்டும் இடம், உயரம், வேகம், அழைப்புக்குறி எல்லாம் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் வெளியே வருகின்றன. இருப்பிடம் மட்டும் நொடிக்கு இரண்டு முறை வரும். ஏடிஎஸ்-பி என்பது இந்த முறையின் பெயர். இதில் ரகசியப் பூட்டு எதுவும் இல்லை. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று சந்தைக்கு வந்த ஒரு சின்ன யுஎஸ்பி கருவி, ஏழு சென்டிமீட்டர் கம்பியில் செய்த ஆன்டெனா, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி, காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள், இவற்றோடு சட்டம் கேட்கும் அனுமதியும் இருந்தால் போதும், ஒரு பிளையிங் கிளப் தன் அறைச் சுவரிலேயே சுற்றுவட்டார வானத்தை நேரலையாகப் பார்க்கலாம். திரையில் விமானத்துக்கு ஒரு வரி. முதலில் ஆறெழுத்துக் குறியீடு. அது 80 முதல் 83 வரையிலான எண்ணில் தொடங்கினால் இந்தியாவில் பதிவான விமானம். அடுத்து அழைப்புக்குறி, உயரம், வேகம். இன்னொரு கட்டத்தில், கடைசிச் செய்தி வந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற எண் ஓடும். பயிற்சிக்குப் போன மாணவருக்காகக் காத்திருக்கும் ஆசிரியரின் கண் அந்தக் கட்டத்தில்தான் நிற்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். அந்த நிலையமே ஒரு பிளையிங் கிளப்பில் பிறந்ததுதான். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜி.வி. ராஜாவின் முயற்சியில் 1932-இல் தொடங்கிய அது, 1935 நவம்பர் 1 அன்று அங்கிருந்து புறப்பட்ட டாடா நிறுவனத்தின் முதல் அஞ்சல் விமானத்தை வழியனுப்பியது. இந்த மாவட்டமும் அப்போது திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. ஆனால் இன்று இங்கே இப்படியொரு திரைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். விமானத்துக்கு எளிதில் கிடைத்துவிட்ட இந்த வசதியைத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகளுக்கும் செய்து தர வேண்டும். அந்தத் திரை அரசு அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. படகை அறிந்தவர்கள் கண்முன்னே, துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

இதற்கான காரணத்தை ஒக்கிப் புயல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. 2017 நவம்பர் 29 இரவு தாழ்வு மண்டலமாகக் கன்னியாகுமரியை நெருங்கிய அது, மறுநாள் காலையில் புயலானது. புயல் என்ற அறிவிப்பும் 30-ஆம் தேதிதான் வந்தது. தூத்தூர்ப் பகுதிப் படகுகள் சுறாவும் சூரையும் தேடி, வாரக்கணக்கில் தங்கும் திட்டத்தோடு ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கையை அவர்கள் காதில் சேர்க்க வழியில்லை. படகுகளில் இருக்கும் விஎச்எஃப் வானொலியின் அலை நேர்கோட்டில் போவது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலையை நாகர்கோவில் மாடியில் வைத்த ஆன்டெனா முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பிடித்துவிடும். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் படகின் அலையோ சில பத்துக் கிலோமீட்டரில் கடலின் வளைவுக்குக் கீழே போய்விடும். இந்த மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எத்தனை படகு போனது, எத்தனை பேர் போனார்கள் என்பதில்கூட அரசின் கணக்கும் மீனவ அமைப்புகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

விமானத் துறை ஒரு விமானத்தை இழந்தபோது என்ன செய்தது என்று பார்க்கலாம். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மலேசிய விமானம் எம்எச் 370 மறைந்தது. அதன் பின், பெருங்கடல்மீது பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அந்தந்த நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விதி வகுத்தது. 2018 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு நிறுவனத்திடம், அதாவது அந்த விமானத்தை அனுப்பியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். நம் கடலுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைத்தார். திட்டச் செலவு 364 கோடி ரூபாய். படகுக்காரர் காசு தர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி இரண்டு பக்கமும் போகும். ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. ஒக்கிக்குப் பிறகு முதலில் கொடுக்கப்பட்ட கருவிகள் எச்சரிக்கையை வாங்க மட்டுமே பயன்பட்டன. அதனால் இந்தப் புதிய கருவி பெரிய முன்னேற்றம், மனமார வரவேற்க வேண்டியது. ஆனால் படகுகளைக் காட்டும் புள்ளிகள் போய்ச் சேரும் இடம் அரசின் கட்டுப்பாட்டு அறை. அங்கே இருப்பவருக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகளில் இதுவும் ஒன்று. இந்தப் படகு வழக்கமாக எந்தப் பாருக்கு, அதாவது மீன் கிடைக்கும் எந்த இடத்துக்குப் போகும், எந்தப் படகோடு சேர்ந்து ஓடும், எத்தனை நாளைக்கு ஐஸும் டீசலும் ஏற்றியிருக்கிறது என்பதெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒக்கியின்போது மீனவர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனதும், தேடுதல் கப்பல்களில் எங்களையும் ஏற்றுங்கள் என்று கேட்டதும் இதனால்தான்.

துறைமுகத்தில் திரை வைப்பதற்குக் கடற்கரையிலேயே எழும் எதிர்ப்பு வலுவானது. மீன் கிடைக்கும் பார் ஒரு குடும்பத்தின் சொத்து. அதைச் சுவரில் போட்டுக் காட்ட யார் சம்மதிப்பார்? எல்லை தாண்டியதாகச் சொல்லி டியேகோ கார்சியா பக்கம் தூத்தூர்ப் படகுகள் பிடிபட்டதும் உண்டு. திரையே வழக்குக்குச் சாட்சியாகிவிடுமோ என்ற பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் திரையில் துல்லியமான புள்ளி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் தனியார் விமான உரிமையாளர்கள் தங்கள் அடையாளத்தைப் பொதுத் திரைகளிலிருந்து மறைத்துக்கொள்ள அந்நாட்டு விமானத் துறையே வழி செய்திருக்கிறது. இங்கே சாதாரண நாட்களில் படகின் பெயர், கடைசிச் செய்தி வந்த நேரம், எந்தக் கடல் பகுதி என்ற அளவு போதும். புயல் எச்சரிக்கை வந்தாலோ, ஆபத்துப் பொத்தான் அழுத்தப்பட்டாலோ சரியான இடம் தெரியட்டும். கூட்டுறவுச் சங்கத்தின் திரையில் தெரிவதை வழக்குக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று அரசு எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் கருவியை நம்பச் சொல்வது நியாயமில்லை.

கருவி பழுதாகிப் புள்ளி மறைந்தால் ஒரு தெருவே அழுது தீர்க்குமே என்பது இன்னொரு கவலை. இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பிளையிங் கிளப் திரையில் ஓடும் அந்த நொடிக் கணக்கு இதற்கு உதவும். மறைந்த படகைத் திரையிலிருந்து அழித்துவிடாமல், கடைசிச் செய்தி எப்போது வந்தது என்பதை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். பக்கத்தில் ஓடும் படகுக்குச் செய்தி அனுப்பி விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இப்படி ஏற்பாடு செய்தால், ஏதோ ஆகிவிட்டது என்ற வதந்திக்கு முன்னால் தகவல் வீட்டுக்குப் போகும். கருவியை வேண்டுமென்றே அணைத்து வைப்பவர்களும் இருப்பார்கள். அணைத்த படகு எதுவென்று ஊருக்குத் தெரிந்தால், அதிகாரியின் அபராதத்தைவிட உடன் போகும் தொழிலாளிகளின் வீட்டார் கேட்கும் கேள்விக்குத்தான் உரிமையாளர் முதலில் பதில் சொல்ல வேண்டிவரும்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒன்றும் குளச்சலில் ஒன்றுமாகத் தொடங்கலாம். டிரான்ஸ்பாண்டர்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு திரை, ஒரு கணினி, ஓர் இன்வெர்ட்டர், முறை வைத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குச் சம்பளம் என்பது மிகச் சிறிய தொகை. மீன்வளத் துறை தன்னிடம் வரும் தரவைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் திறந்துவிட வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் கருவிகளைச் சோதித்து, ஊர்ப் பட்டியலைச் சரிபார்த்து, திரையைக் கவனிப்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்துவிடலாம்.